புது எஞ்சினுக்குப் பழைய பத்தியமா?

புது ஸ்கூட்டர் வாங்கினால், "500 கிலோமீட்டர் ஓடும் வரை 40-ஐத் தாண்டாதே" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 'ரன்னிங்-இன்' என்ற அந்தப் பத்தியம் இன்று சாலையில் முன்போல் அவ்வளவு கடுமையாக இல்லை. எஞ்சின் வைத்த மாதிரி விமானம் பறக்கவிடுகிறவர்களிடம் இன்னும் இருக்கிறது. நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்கிற உரிமையில் சொல்கிறேன்: நம் காலத்து விதியை எல்லாப் புது எஞ்சினுக்கும் ஒரே மாதிரி ஓதுவதை நாம் நிறுத்த வேண்டும்.

அந்த விதி தவறானதல்ல. என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தவர்களுக்குக் கல்கத்தா அரோரா எஞ்சின் நினைவிருக்கும். பிளக் கிடையாது. தலையிலுள்ள திருகை இறுக்கி அழுத்தத்தைக் கூட்டினால்தான் பற்றும். ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றையும் ஏறக்குறைய சம பங்காகக் கலப்போம். அந்த வாடை சட்டையை விட்டுப் போக இரண்டு துவைப்பாவது வேண்டும்.

அந்தக் காலத்து எஞ்சின்கள் பலவற்றில் வார்ப்பிரும்பு பிஸ்டன், எஃகு சிலிண்டர். ரிங் இல்லை. கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் ஒன்றோடொன்று உரசித்தான் வழவழப்பாக வேண்டும். உரசினால் சூடு, சூட்டில் பிஸ்டன் பருத்து இறுகும், இறுகினால் இன்னும் சூடு. அதனால்தான் எண்ணெய் தாராளமாக விட்டு, காற்றுக்கு எரிபொருள் அதிகமாக வைத்து, ஓரிரு நிமிடம் ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி ஓட்டச் சொன்னார்கள். அந்த உலோகத்துக்கு அதுதான் சரி.

1970-களுக்குப் பிறகு பரவிய ஏ.பி.சி. வகை வேறு ஜாதி. அலுமினிய பிஸ்டன், உள்ளே குரோமியம் பூசிய பித்தளைச் சிலிண்டர். சிலிண்டர் மேலே போகப் போகச் சற்றுக் குறுகும். அதனால் குளிர்ந்திருக்கும்போது விசிறியைக் கையால் சுற்றினால் பிஸ்டன் உச்சியில் 'கிரீச்' என்று பிடிக்கும். பழுதில்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். சிலிக்கான் கலந்த அந்த அலுமினியத்தைவிடப் பித்தளை சூட்டில் அதிகம் விரியும். எஞ்சின் சரியான சூட்டுக்கு வந்ததும்தான் இரண்டுக்கும் வேண்டிய இடைவெளி கிடைக்கும்.

இதைக் கொண்டுபோய்ப் பழைய முறைப்படி 'குளுகுளு'வென்று ஓட்டினால் என்ன ஆகும்? சிலிண்டர் விரியாது. நிமிடத்துக்குப் பல ஆயிரம் தடவை பிஸ்டன் அந்தக் குறுகிய கழுத்தில் போய் இடிக்கும். பிஸ்டன் தேயும், கனெக்டிங் ராடும் அடிபடும். டியூஷன் எடுத்துச் சேர்த்த காசில் எஞ்சின் வாங்கிய ஒரு கல்லூரி மாணவனை எனக்குத் தெரியும். மைதானத்துப் பெரியவர் ஒருவர் சொன்னபடி டேங்க் டேங்காக அதைப் புகைய விட்டான். பிறகு எஞ்சின் சூடானால் அழுத்தம் நிற்கவில்லை. அந்தப் பெரியவர் எஞ்சினைத்தான் குறை சொன்னார்.

"மெதுவாகப் போனால் என்ன நஷ்டம்?" என்பார்கள். நஷ்டம் இதுதான்.

"தொழிற்சாலையிலேயே எல்லாம் முடித்துவிட்டார்கள், எடுத்தவுடன் பறக்கவிடலாம்" என்கிற இளைஞர் கட்சியிலும் நான் இல்லை. ஏ.பி.சி.க்கும் பதப்படுத்தல் உண்டு. முதலில் ஹேர் டிரையரால் தலையைச் சூடாக்குங்கள். ஓடத் தொடங்கியதும் ஊசியைச் சரிசெய்து, கரகரவென்ற சத்தம் மாறி ஒரே சீரான ரீங்காரம் வரும்படி வையுங்கள். ஆனால் உச்ச வேகத்துக்குக் கொண்டுபோகாமல், புகையில் எண்ணெய் தெரியுமளவுக்குச் சற்று எரிபொருள் மிஞ்சட்டும். ஓரிரு நிமிடம் ஓட்டி முழுக்க ஆறவிடுங்கள். இப்படிப் பல தடவை. நிறுத்தியதும் பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்துவிட்டால் உச்சியில் சிக்கி ஆறாது. ரிங் வைத்த எஞ்சினுக்கு நம் பழைய பொறுமை இன்றும் தேவை. ரிங் படிய நேரம் பிடிக்கும்.

நம்மிடம் இளைஞர்கள் கற்க வேண்டியது இன்னும் இருக்கிறது. எஞ்சினின் குரலைக் காதால் பிரித்தறிவது, விசிறிக்கு நேரே நிற்காமல் பின்னால் நின்று ஊசியைத் திருப்புவது, கலவையில் கொஞ்சமாவது விளக்கெண்ணெய் சேர்ப்பது, முதல் சில பறப்புகளில் அவசரப்படாமல் இருப்பது. இவையெல்லாம் எந்த எஞ்சினுக்கும் பொருந்தும்.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை ஒரு பையன் புது எஞ்சினோடு உங்களிடம் வந்தால், அறிவுரைக்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "உள்ளே என்னப்பா, இரும்பா, ரிங்கா, ஏ.பி.சி.யா?" அவனுக்குத் தெரியாவிட்டால் பெட்டியோடு வந்த தாளை எடுத்து இருவரும் சேர்ந்து படியுங்கள். மூக்குக் கண்ணாடி மறக்காமல் கொண்டுபோங்கள். எழுத்து ரொம்பப் பொடி.