ஏபிஎஸ் இருந்தும் பனிச் சாலையில் கார் வழுக்குவது ஏன்? மஞ்சள் விளக்கு எரிந்தால் என்ன செய்ய வேண்டும்?

டிசம்பர் வந்துவிட்டால் போதும், மணாலியில் இருந்து அந்த வீடியோக்கள் வரத் தொடங்கிவிடும். சரிவான சாலையில் ஒரு கார் மெதுவாக இறங்கிக்கொண்டிருக்கும். டிரைவர் பிரேக்கை மிதித்திருப்பார், சக்கரம் நான்கும் சுற்றாமல் நின்றிருக்கும். ஆனாலும் கார் மட்டும் சறுக்குமரத்தில் விட்டது போல வழுக்கிக்கொண்டே போய் முன்னால் நிற்கும் வண்டியில் மோதும். கீழே கமெண்ட்டில் பலரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "புது காராச்சே, ஏபிஎஸ் இருக்குமே, அப்புறம் ஏன் நிக்கல?"

நியாயமான கேள்விதான். 2019 ஏப்ரலுக்குப் பிறகு இந்தியாவில் விற்கப்படும் எல்லா கார்களிலும் ஏபிஎஸ் கட்டாயம். பனியையே பார்த்திராத ஊர்களில் இருந்து கார் எடுத்துக்கொண்டு மணாலிக்குப் போகிறவர்கள் பலரும், அது பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில்தான் மலை ஏறுகிறார்கள். ஆனால் ஏபிஎஸ் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதில்தான் குழப்பமே இருக்கிறது. அது ஒழுங்காக வேலை செய்யும்போது பயந்துபோய் காலை எடுக்கிறார்கள். வேலை செய்யாமல் போனதை அது விளக்கு போட்டுச் சொல்லும்போது கண்டுகொள்வதில்லை. இந்த இரண்டு தவறுகளும் சமவெளியில் பெரும்பாலும் சேதமில்லாமல் கடந்துபோகும். பனிச் சாலையில் அப்படி இல்லை.

அடல் சுரங்கப்பாதை அருகே என்ன பிரச்னை?

மணாலியையும் லாஹௌல் பள்ளத்தாக்கையும் இணைக்கும் அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபரில் திறக்கப்பட்டது. சுமார் 9 கிலோமீட்டர் நீளம், கடல் மட்டத்தில் இருந்து 3,000 மீட்டருக்கும் மேலான உயரம். முன்பெல்லாம் குளிர்காலத்தில் ரோதாங் கணவாய் மூடிக்கொண்டால், லாஹௌல் பக்கம் சாலை வழியாகப் போகவே முடியாது. சுரங்கம் வந்த பிறகு, பனியைப் பார்க்க நினைப்பவர்கள் சொந்தக் காரிலேயே அங்கு போய்விடுகிறார்கள்.

சுரங்கத்துக்குள் சாலை காய்ந்திருக்கும். வெளியே வந்த உடனே நிலைமை வேறு. பகலில் வெயிலில் உருகும் பனி, சாயங்காலம் சூரியன் மலைக்குப் பின்னால் போனதும் மீண்டும் உறைந்து, கண்ணாடி போன்ற மெல்லிய படலமாக சாலையில் ஒட்டிக்கொள்ளும். அதன் வழியாக கீழே உள்ள தார் தெரிவதால், வெறும் ஈரச் சாலை போலத்தான் தோன்றும். இதைத்தான் 'பிளாக் ஐஸ்' என்கிறார்கள். நிழல் விழும் வளைவுகள், பாலங்கள், சுரங்க வாசல்கள் ஆகியவை இது அதிகம் உருவாகும் இடங்கள்.

2024 டிசம்பரில் சோலாங்குக்கும் சுரங்கப்பாதைக்கும் இடையே ஏராளமான வாகனங்கள் பனியில் சிக்கிக்கொண்டு, சுற்றுலாப் பயணிகளை போலீசார் மீட்க வேண்டியிருந்தது.

ஏபிஎஸ் எப்படி வேலை செய்கிறது?

ஓடும் காரில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் சக்கரம் சுற்றுவதை நிறுத்திவிடும். ஆனால் கார் நிற்காது, சறுக்கிக்கொண்டு போகும். சுற்றாத சக்கரத்துக்கு திசை தெரியாது. ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் வண்டி நேராகத்தான் போகும்.

இதைத் தடுக்கத்தான் ஏபிஎஸ். ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் ஒரு சின்ன சென்சார் இருக்கும். சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று அது கணினிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஒரு சக்கரம் திடீரென நிற்கப் போகிறது என்று தெரிந்தால், அந்தச் சக்கரத்தின் பிரேக் அழுத்தத்தை கணினி ஒரு கணம் விட்டுவிட்டு மறுபடியும் பிடிக்கும். ஒரே வினாடியில் பல முறை இப்படி நடக்கும். மனிதக் காலால் இந்த வேகத்தில் மிதித்து விட முடியாது. 1978-ல் மெர்சிடிஸ் பென்ஸ் எஸ் கிளாஸ் காரில் போஷ் நிறுவனத்தின் மின்னணு ஏபிஎஸ் வந்தபோதும் அடிப்படை இதுதான்.

ஆக, ஏபிஎஸ் கொடுப்பது ஸ்டியரிங் கட்டுப்பாடு. பிரேக் பிடித்துக்கொண்டே வண்டியைத் திருப்ப முடியும். ஆனால் சாலையில் இல்லாத பிடிமானத்தை அதனால் உருவாக்க முடியாது.

நிற்க எவ்வளவு தூரம் வேண்டும்?

ஒரு எளிய கணக்கு. காய்ந்த தார்ச் சாலையில் டயருக்கும் சாலைக்கும் உள்ள உராய்வு எண் சுமார் 0.8. இறுகிய பனியில் இது 0.25 அளவுக்கு இறங்கும். பனிக்கட்டி மேல் 0.1 தான்.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், பிரேக் பிடித்த பிறகு காய்ந்த சாலையில் சுமார் 8 மீட்டரில் நிற்கும். இறுகிய பனியில் 25 மீட்டர் ஆகும். பனிக்கட்டியில் 63 மீட்டர். டிரைவர் சுதாரித்துக்கொண்டு காலை பிரேக்குக்கு கொண்டுபோகும் நேரம் இதில் சேரவில்லை. சாலை சரிவாக இருந்தால் தூரம் இன்னும் கூடும்.

அதே பனிக்கட்டியில் வேகத்தை 20 ஆகக் குறைத்தால் 16 மீட்டரில் நின்றுவிடும். வேகம் பாதியானால் தூரம் நான்கில் ஒரு பங்காகிறது. எந்த ஏபிஎஸ்-ஸும் தர முடியாத பாதுகாப்பு இது.

அப்படியானால் அந்த வீடியோக்களில் நடப்பது என்ன?

இரண்டு காரணங்கள். முதலாவது சரிவு. 10 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் சாலையில், உராய்வு எண் 0.1 ஆக இருந்தால், நிறுத்தி வைத்த கார்கூட நிற்குமா நிற்காதா என்ற விளிம்பில்தான் இருக்கும். மேலே கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தால் பிடிமானம் இன்னும் குறையும். கடுங்குளிரில் இறுகிக் கிடக்கும் ஐஸை விட, உருகத் தொடங்கும் நிலையில் உள்ள ஐஸ்தான் அதிகம் வழுக்கும்.

இரண்டாவது, பலருக்கும் தெரியாத விஷயம். நடக்கும் வேகத்துக்கு கீழே போய்விட்டால் ஏபிஎஸ் விலகிக்கொள்ளும். வண்டியை முழுசாக நிறுத்த வேண்டும் என்பதால் அப்படித்தான் அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஐஸில் நான்கு சக்கரமும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டால், 'கார் நின்றுவிட்டது' என்றே கணினி புரிந்துகொள்ளும். கார் வழுக்கிக்கொண்டிருப்பது அதற்குத் தெரியாது. அந்த நிலையில் பிரேக்கை லேசாக விட்டு சக்கரத்தை சுற்ற விட்டால்தான் ஸ்டியரிங் திரும்பக் கிடைக்கும். பயத்தில் யாருக்கும் அது தோன்றாது என்பதுதான் சிக்கல்.

பனி கொட்டும் நாட்களில் சோலாங்குக்கு மேல் ஃபோர் வீல் டிரைவ் வாகனங்களை மட்டுமே போலீசார் அனுமதிப்பது வழக்கம். ஃபோர் வீல் டிரைவ் வண்டியைக் கிளப்பவும் மேடேறவும் உதவும். ஆனால் பிரேக் எல்லா காரிலும் நான்கு சக்கரத்துக்கும்தான். நிறுத்தும் விஷயத்தில் ஃபோர் வீல் டிரைவுக்கு தனிச் சலுகை எதுவும் கிடையாது.

பெடல் அதிர்ந்தால் பயப்பட வேண்டுமா?

வேண்டாம். வழுக்கும் சாலையில் பிரேக்கை அழுத்தும்போது பெடல் 'கடகட'வென காலைத் தள்ளும். முன்பக்கம் இருந்து உறுமல் போல சத்தமும் வரும். முதல் முறை அனுபவிப்பவர்கள் ஏதோ உடைந்துவிட்டது என்று நினைத்து காலை எடுத்துவிடுவார்கள். அதுதான் ஆபத்து. அந்த அதிர்வு ஏபிஎஸ் வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம். காலை எடுக்காமல் அழுத்திப் பிடித்து, போக வேண்டிய பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். பழைய வண்டிகளில் செய்தது போல விட்டு விட்டு மிதிக்கத் தேவையில்லை.

ஆனால் எல்லா அதிர்வும் ஒன்றல்ல.

* காய்ந்த சாலையில், சிக்னலில் நிற்கப் போகும் கடைசி நொடியில் பெடல் அதிர்ந்தால் அது சந்தேகத்துக்குரியது. சென்சாரில் அழுக்கு, அல்லது சென்சார் படிக்கும் பல் வளையத்தில் துரு, விரிசல் இருக்கலாம்.

* வேகமாகப் போகும்போது பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறதா? அது பெரும்பாலும் பிரேக் டிஸ்க் சீராக இல்லாததால் வருவது. ஏபிஎஸ் கோளாறு அல்ல.

* பெடல் பஞ்சு போல உள்ளே இறங்கிக்கொண்டே போனால் பிரேக் ஆயில் கசிவு, அல்லது லைனில் காற்று. அந்த வண்டியை மேற்கொண்டு ஓட்டவே கூடாது.

மஞ்சள் விளக்கு எரிந்தால்?

சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கு சில நொடிகள் எரிந்து அணைய வேண்டும். அது கணினி தன்னைத்தானே சோதித்துக்கொள்வது. விளக்கு எரியவே இல்லை என்றாலும் கோளாறுதான். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தாலும், ஓடும்போது திடீரென எரிந்தாலும், ஏபிஎஸ் தன்னை அணைத்துக்கொண்டது என்று அர்த்தம்.

சாதாரண பிரேக் அப்போதும் வேலை செய்யும். அதனால்தான் பலரும் 'பிரேக் நல்லாத்தானே பிடிக்குது' என்று மாதக்கணக்கில் அதே விளக்கோடு ஓட்டுகிறார்கள். ஆனால் ஐஸில் மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், ஸ்டியரிங் பயன்படாது. ஏபிஎஸ் சென்சார்களை நம்பியே இயங்கும் இஎஸ்சி எனும் சறுக்கல் தடுப்பு வசதியும் பெரும்பாலும் சேர்ந்தே நின்றுவிடும்.

மஞ்சளோடு சிவப்பு பிரேக் விளக்கும் எரிந்தால் விஷயம் இன்னும் தீவிரம். பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம். முன், பின் சக்கரங்களுக்கு பிரேக் விசையைப் பிரித்துத் தரும் அமைப்பும் செயலிழந்திருக்கலாம். அப்போது பின் சக்கரம் முதலில் பூட்டி, வண்டி சுழன்றுவிடும் வாய்ப்பு உண்டு. பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி உதவி கேட்பதே சரி.

குளிரில் விளக்கு எரிய என்ன காரணம்?

சக்கரத்துக்குள் பனி அடைத்துக்கொள்வது முதல் காரணம். சென்சார் மீது சேறும் பனியும் அப்பிக்கொண்டால், அல்லது அதன் வயர் இழுபட்டால், சிக்னல் தவறும். வண்டியை சமதளத்தில் நிறுத்தி, கையாலோ மரக்குச்சியாலோ பனியைத் தட்டிவிடலாம். கொதிநீர் ஊற்றக் கூடாது, அது அங்கேயே மறுபடி உறைந்துவிடும்.

அடுத்தது பேட்டரி. குளிரில் பேட்டரியின் திறன் குறையும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மின்னழுத்தம் அதிகம் இறங்கினால் ஏபிஎஸ் விளக்கு எரியலாம். பழைய பேட்டரியோடு மலை ஏறுபவர்களுக்கு இது சகஜம்.

பனியில் மாட்டிக்கொண்டு ஆக்சிலரேட்டரை வெகுநேரம் முறுக்கினாலும் எரியக்கூடும். இரண்டு சக்கரம் வேகமாகச் சுற்றி, இரண்டு அசையாமல் இருப்பதை கணினி கோளாறு என்று எடுத்துக்கொள்ளும். இன்ஜினை அணைத்து மீண்டும் ஸ்டார்ட் செய்து கொஞ்ச தூரம் ஓட்டினால் பெரும்பாலும் விளக்கு போய்விடும். வேறு அளவு ஸ்டெப்னி டயர் மாட்டியிருந்தாலும் இதே குழப்பம் வரலாம்.

இவை எதுவும் இல்லை, விளக்கும் அணையவில்லை என்றால் சென்சார், பல் வளையம், வீல் பேரிங், ஃபியூஸ் ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும். ஊகத்தில் பாகங்களை மாற்றத் தேவையில்லை. ஏபிஎஸ்-ஐப் படிக்கக்கூடிய ஸ்கேனர் உள்ள ஒர்க்‌ஷாப்பில் காட்டினால், எந்தச் சக்கரத்தில் பிரச்னை என்று கோளாறு எண்ணே சொல்லிவிடும்.

ஃபியூஸைப் பிடுங்கிவிடலாமா?

"பனியில ஏபிஎஸ் இல்லாம இருந்தாதான் சீக்கிரம் நிக்கும்" என்ற பேச்சு உண்டு. இதில் பாதி உண்மை இருக்கிறது. உதிரியான புதுப் பனியிலும் சரளைக் கல்லிலும், பூட்டிய சக்கரம் தன் முன்னால் ஒரு மேட்டைக் குவித்துக்கொண்டு சீக்கிரம் நிற்கும். அங்கே ஏபிஎஸ் உள்ள கார் சற்று தள்ளித்தான் நிற்கும். அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு நடத்திய சோதனைகளிலும் சரளையில் இது தெரிந்தது.

ஆனால் மலைச் சாலையில் ஒரு பக்கம் பள்ளம். கொஞ்சம் தூரம் மிச்சமாகும் என்பதற்காக ஸ்டியரிங்கை இழப்பது லாபமான பேரம் அல்ல. ஃபியூஸை எடுத்தால் இஎஸ்சி-யும் சேர்ந்தே போகும்.

புறப்படும் முன் என்ன பார்க்க வேண்டும்?

டயர்தான் முதலில். சுமார் 7 டிகிரி செல்சியசுக்கு கீழே சாதாரண டயரின் ரப்பர் இறுகத் தொடங்கும். பிடிமானம் குறையும். குளிர்கால டயர் இல்லாதவர்கள் பனிச் சங்கிலி வைத்திருக்க வேண்டும், அதை மாட்டவும் ஊரிலேயே பழகியிருக்க வேண்டும். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. பல கார்களில் 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள்.

மலையில் இறங்கும்போது முதல் அல்லது இரண்டாவது கியரில், இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி இறங்க வேண்டும். முன்னால் போகும் வண்டிக்கு வழக்கத்தை விடப் பல மடங்கு இடைவெளி வேண்டும். பிரேக் எப்படி இருக்கிறது என்று தெரிய, ஆள் நடமாட்டம் இல்லாத சமதளத்தில் மெதுவாக ஓட்டி ஒருமுறை அழுத்திப் பார்க்கலாம். பெடல் அதிர்வது எப்படி இருக்கும் என்று காலுக்கு அங்கேயே பழகிவிடும்.

மஞ்சள் விளக்கு எரியும் காரோடு மட்டும் பனி பார்க்கக் கிளம்ப வேண்டாம். ஏற்கெனவே மேலே போய்விட்டு விளக்கு எரிந்தால், காரை அங்கேயே பாதுகாப்பாக நிறுத்திவிட்டு உள்ளூர் டாக்ஸியில் இறங்கலாம். அந்தச் சாலையில் எந்த வளைவில் எத்தனை மணிக்கு ஐஸ் பிடிக்கும் என்பது தினமும் அதில் ஓட்டும் உள்ளூர் டிரைவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.