நகத்தையும் காட்டுங்கள்

நகம் மஞ்சளாகத் தெரிந்தால் நம் வீடுகளில் முதல் பழி சமையல் மஞ்சள் மீது விழும். அடுத்து நகப்பூச்சு, பிறகு பூஞ்சை. பெரும்பாலும் காரணம் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். ஆனால், எப்போதும் அல்ல.

அண்மையில் காலை நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு நேயர் அழைத்தார். அவருடைய அப்பாவுக்குப் பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்து சில மாதங்கள் ஆகின்றன. பத்து விரல் நகங்களும் மஞ்சளாகித் தடித்துவிட்டன. வெட்டிய நகம் வளர்வதாகவே தெரியவில்லை. கால்கள் வீங்குகின்றன, இருமலும் நிற்கவில்லை. நகத்துக்கு மருந்துக்கடை களிம்பு, காலுக்கு ஒரு கிளினிக், இருமலுக்கு இன்னொரு கிளினிக். "இருமல் புகைமூட்டத்தாலன்னு நினைச்சோம்ங்க" என்றார். மூன்றையும் சேர்த்து ஒரே மருத்துவரிடம் அவர்கள் சொல்லவே இல்லை.

மைக் முன் உட்கார்ந்திருக்கும் நான் அவருக்கு என்ன நோய் என்று சொல்ல முடியாது. ஆனால், இந்த மூன்றும் சேர்ந்து வரும் அபூர்வ நோய் ஒன்று உண்டு. அதன் பெயரே 'மஞ்சள் நக நோய்க்குறி'. 1964-இல் சாமன், வைட் என்ற இரு மருத்துவர்கள் 13 நோயாளிகளைக் கொண்டு இதை விவரித்தார்கள். பெரும்பாலும் 50 வயதைத் தாண்டியவர்களுக்கே வருகிறது. நெஞ்சு அறுவை சிகிச்சைக்குப் பின் வந்ததாகவும் சில பதிவுகள் உள்ளன.

நிணநீர் சரியாக வடியாததே இதற்கு அடிப்படை என்று கருதப்படுகிறது. உடலின் பெரும்பகுதி நிணநீரைச் சுமக்கும் பெரிய குழாய், நெஞ்சுக்குள் ஏறித்தான் கழுத்தருகே இரத்தத்தில் கலக்கிறது. வடிகால் தடைபட்டால் கால் வீங்கும். நுரையீரலைச் சுற்றி நீர் சேரும். நக வளர்ச்சியும் மந்தமாகும்.

பைபாஸுக்காகக் காலில் இரத்தக்குழாய் எடுத்திருந்தாலும் கால் வீங்கலாம். இதயம் பலவீனமானாலும் வீங்கலாம். அதனால்தான் நாமே முடிவுகட்டக் கூடாது.

அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது நகப்பூச்சை அழித்துவிட்டுப் போங்கள். நகம், கால், இருமல் மூன்றும் எப்போது தொடங்கின என்று ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். மூச்சுத் திணறினால் அந்தத் தேதிவரை காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நகத்தில் தெரியும் மஞ்சள் சிலருக்குத் தானாகவே மறைவதுண்டு. நெஞ்சில் சேரும் நீரை மட்டும் அப்படி விட்டுவிட முடியாது.