பெருநாள் ஜெலியும் பக்கத்து வீட்டுத் தட்டும்



நோன்பின் கடைசிப் பத்து வந்துவிட்டால் நமது ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஜெலிப் படங்கள் வரத் தொடங்கிவிடும். பிறை வடிவம், நட்சத்திர வடிவம், பள்ளிவாசல் குவிமாடம், கண்ணாடி போன்ற ஜெலிக்குள் பூத்திருக்கும் ரோஜாப்பூ என்று ஒவ்வொன்றும் ஒரு அழகு. ஒரு காலத்தில் பெருநாள் மேசையில் வட்டிலப்பம்தான் ராஜா. இன்று அதற்குப் பக்கத்தில் ஜெலியும் உட்கார்ந்துவிட்டது. பிறந்தநாள், கல்யாணம், பாடசாலை வகுப்பு விருந்து, எதுவும் இப்போது ஜெலி இல்லாமல் நடப்பதில்லை. வீட்டிலிருந்து ஓடர் எடுத்துச் செய்து, அந்த வருமானத்தில் பிள்ளைகளைப் படிப்பிக்கும் சகோதரிகளும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களின் கைவண்ணம் நமக்குப் பெருமை.

இந்தப் பதிவில் சொல்ல வருவது ஒரேயொரு விடயம். பெருநாளன்று நமது வீட்டிலிருந்து தமிழ், சிங்கள அயலவருக்குப் போகும் தட்டில் ஜெலட்டின் ஜெலியை வைக்காமல், கடற்பாசியில் செய்த ஜெலியை வைப்போம்.

ஏன் என்று கேட்கலாம். "நாங்கள் ஹலால் பார்த்துத்தானே வாங்குகிறோம்?"

உண்மை. கடையில் ஜெலிப் பெக்கட்டைக் கையில் எடுத்ததும் நாம் முதலில் தேடுவது ஹலால் இலச்சினையைத்தான். சின்னப் பிள்ளைகள்கூட இன்று டொபியைத் திருப்பிப் பார்க்கிறார்கள். ஜெலட்டின் என்பது விலங்குகளின் தோல், எலும்பு போன்றவற்றில் உள்ள கொலாஜன் என்ற புரதத்திலிருந்து எடுக்கப்படும் பொருள். உலகச் சந்தையில் அதில் பெரும் பங்கு பன்றித் தோலிலிருந்து வருகிறது. அதனால் நமது எச்சரிக்கை நியாயமானது.

ஆனால் ஹலால் இலச்சினை நமது கேள்விக்கு மட்டுமே பதில் சொல்கிறது. ஹலால் சான்றிதழோடு வரும் ஜெலட்டின் பெரும்பாலும் மாட்டின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. சிறு பகுதி மீனிலிருந்து வருவது. நமக்கு அது ஆகும். பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஆகுமா?

மாட்டிறைச்சியை வாழ்நாளில் தொடாத சைவக் குடும்பங்கள் நமக்குப் பக்கத்தில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை மச்சம் சேர்க்காத வீடுகள், கந்தசஷ்டி, கேதார கௌரி விரதம் பிடிக்கும் வீடுகள் இருக்கின்றன. சிங்கள பௌத்தர்களிலும் மாட்டிறைச்சியைத் தவிர்ப்பவர்கள் நிறையப் பேர். அவர்கள் நாம் அனுப்பும் சிவப்பும் பச்சையுமான ஜெலியை இனிப்பு என்றே நினைப்பார்கள். பிரியாணி என்றால் இறைச்சி இருக்கிறது என்று தெரியும், வேண்டாம் என்று எடுத்து வைத்துவிடலாம். ஜெலியைப் பார்த்து யாருக்கு மாட்டின் நினைவு வரும்? பிள்ளையின் கையில் கொடுத்துவிடுவார்கள், தாங்களும் ஒரு கரண்டி சாப்பிடுவார்கள்.

கேட்கமாட்டார்கள் என்பதுதான் இதில் உள்ள சிக்கல். பெருநாள் தட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கும் பிள்ளையிடம் "இதில் என்ன போட்டிருக்கிறது?" என்று கேட்பது மரியாதையில்லை என்று நினைப்பவர்கள் அவர்கள். அவர்கள் கேட்காததால் நாம்தான் யோசிக்க வேண்டும்.

2013ஆம் ஆண்டில் ஹலால் சான்றிதழுக்கு எதிராக இந்த நாட்டில் நடந்த பிரசாரம் நமக்கு மறக்காது. அன்று அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா சான்றிதழ் வழங்கிவந்தது. அது எதற்கு, ஏன் என்று தெருத் தெருவாகக் கேள்வி எழுந்தபோது நம்மவர்கள் சொன்ன விளக்கம் மிக எளிமையானது. சாப்பிடும் பொருளில் என்ன இருக்கிறது என்று அறிந்து சாப்பிடுவது எங்கள் உரிமை, இதனால் வேறு யாருக்கும் நஷ்டமில்லை என்று சொன்னோம். அந்த வாதம் அன்றும் சரி, இன்றும் சரி. அதே உரிமை நமது தட்டை வாங்கும் அயலவருக்கும் இருக்கிறது. அதை நாமாகவே கொடுத்தால் நமது வாதத்துக்கும் பலம் கூடும்.

மார்க்கம் நமக்கு இதில் புதிதாக எதுவும் சொல்லத் தேவையில்லை. அந்நிஸா அத்தியாயத்தின் 36ஆவது வசனம் உறவினரான அயலவரோடு அந்நியரான அயலவரையும் சேர்த்தே சொல்கிறது. குழம்பு வைத்தால் தண்ணீரைக் கூட்டி அயலவரையும் கவனிக்கச் சொல்லும் ஹதீஸை மத்ரஸாப் பிள்ளையும் அறியும். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) அவர்கள் வீட்டில் ஆடு அறுத்தபோது, பக்கத்து வீட்டு யூதருக்குக் கொடுத்தீர்களா என்று விசாரித்த செய்தியும் கிதாபுகளில் இருக்கிறது. அயலவருக்குக் கொடுப்பது என்றால் அவர் மனநிறைவோடு சாப்பிடக்கூடியதைக் கொடுப்பதுதானே?

நமக்காக அவர்கள் செய்வதையும் நினைத்துப் பார்ப்போம். தைப்பொங்கலுக்கு வரும் தட்டில் பொங்கல், வடை, மோதகம், வாழைப்பழம். எதையும் யோசிக்காமல் சாப்பிடுகிறோம். கல்யாண வீட்டில் முஸ்லிம் விருந்தாளிகளுக்கென்று நம்மவர் கடையில் கோழி வாங்கி, நம்மவரையே சமையலுக்குப் பிடித்து, வேறு பாத்திரத்தில் வைத்துத் தருபவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கவனத்துக்கு நாம் கொடுக்கும் பதில் மரியாதை ஒரு பெக்கட் கடற்பாசி அளவுதான்.

கடற்பாசி நமக்கு அந்நியமும் இல்லை. நோன்பு துறக்கும் நேரத்தில் கஞ்சிக்கும் பேரீச்சம்பழத்துக்கும் பக்கத்தில், ரோஸ் நிறத்தில் சாய்சதுரமாக வெட்டி வைத்த கடற்பாசித் துண்டு நம்மில் பலருக்குச் சின்ன வயது ருசி. 'அகர் அகர்' என்பதே மலாய்ச் சொல். புத்தளம் களப்பிலும் திருகோணமலைக் கடலிலும் வளரும் ஒரு பாசி இனத்திலிருந்தும் இது எடுக்கப்படும். ஆங்கிலேயர் அந்தப் பாசியை 'சிலோன் மொஸ்' என்றே அழைத்தார்கள். கடல் தாவரம் என்பதால் ஹலாலா என்ற கேள்வியும் இல்லை, சைவமா என்ற கேள்வியும் இல்லை. ஒரே அச்சில் வார்த்த ஒரே ஜெலியை எல்லா வீட்டுக்கும் அனுப்பலாம்.

ஆசிரியர்களாகிய நாம் விஞ்ஞான பாடத்தில் பற்றீரியா வளர்ப்பைப் படிப்பிக்கும்போது ஏகார் தட்டைப் பற்றிச் சொல்கிறோம். அதன் கதையும் ஒரு சமையலறையில்தான் தொடங்குகிறது. 1881இல் ஜேர்மனியில் றொபேட் கொக் அவர்களின் ஆய்வுகூடத்தில் வேலை செய்த வோல்தர் ஹெஸ்ஸே என்பவர், ஜெலட்டினில் பற்றீரியா வளர்க்க முயன்று தோற்றுக்கொண்டிருந்தார். கோடை வெப்பத்தில் ஜெலட்டின் இளகி ஓடியது. அவர் மனைவி ஃபனி ஹெஸ்ஸே, தான் வீட்டில் பழ ஜெலி செய்யப் பயன்படுத்தும் ஏகாரைப் போட்டுப் பாருங்கள் என்றார். யாவாவில் வாழ்ந்திருந்த ஓர் அயலவரிடம் அவர் கற்ற கைமுறை அது. இன்று உலகம் முழுவதும் வைத்தியசாலை ஆய்வுகூடங்களில் அதுதான் இருக்கிறது.

நமது வெயிலுக்கும் அதே நியாயம் பொருந்தும். ஜெலட்டின் ஜெலி 30 பாகை செல்சியசுக்கு மேல் இளகத் தொடங்கும். பெருநாள் காலையில் பிரிட்ஜிலிருந்து எடுத்து, நாலு வீடு கடந்து போவதற்குள் பிறையின் கூர் மழுங்கிவிடும். கடற்பாசி 32 முதல் 40 பாகைக்குள்ளேயே உறைந்துவிடும். திரும்ப உருக 85 பாகை அளவு வெப்பம் வேண்டும். மேசையில் மத்தியானம் வரை வைத்தாலும் வடிவம் கலையாது. பச்சை அன்னாசி, பப்பாசி போட்டால் ஜெலட்டின் உறையாது, அந்தப் பழங்களில் உள்ள நொதியம் புரதத்தை உடைத்துவிடும். கடற்பாசி புரதம் இல்லை என்பதால் அந்தப் பிரச்சினை வராது.

"ஆனால் ஜெலட்டின் மாதிரி வாயில் கரையாதே, கடகடவென்று உடைகிறதே" என்று சிலர் சொல்வார்கள். வாயில் கரையாதது கடற்பாசியின் இயல்பு, ஆனால் அளவு கூடிப்போனால் இறுக்கமும் கூடிவிடும். செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறோம்:

- 1 லீற்றர் தண்ணீருக்கு 10 கிராம் உலர்ந்த கடற்பாசி. அச்சிலிருந்து முழு வடிவமாகக் கழற்ற இந்த அளவு போதும். கிண்ணத்தில் வைத்துக் கரண்டியால் சாப்பிடுவதென்றால் 6 அல்லது 7 கிராம்.
- அரை மணித்தியாலம் ஊறவைத்து, நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். ஒரு நூல்கூட மிச்சமில்லாமல் கரைந்த பிறகே சீனி போட வேண்டும். பிறகு வடிகட்டுங்கள்.
- பால் அல்லது தேங்காய்ப் பால் சேர்ப்பதென்றால் சூடாக்கிச் சேருங்கள். குளிர்ந்த பாலை ஊற்றினால் கட்டி கட்டியாகிவிடும். தேங்காய்ப் பால் சேர்ந்தால் மென்மையும் வரும்.
- தேசிக்காய், தோடம்பழச் சாறு போன்ற புளிப்பை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு சேருங்கள். புளிப்போடு கொதித்தால் இறுக்கம் குறையும்.
- நிறம் நிறமாக அடுக்குவதென்றால், கீழ் அடுக்கு மேலே தோல் பிடித்தவுடன், முழுவதும் ஆறுமுன், அடுத்ததைச் சூடாக ஊற்றுங்கள். முழுக்க ஆறினால் வெட்டும்போது அடுக்குகள் கழன்றுவிடும்.
- சிவப்புக்கு பீட்றூட் சாறு, பச்சைக்கு ரம்பை. கடை நிறம் வாங்கினால் 'ஈ 120' இருக்கிறதா என்று பாருங்கள், அது ஒரு பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு.

பெக்கட் வாசிக்கும்போது 'ஈ 406' என்றால் ஏகார், 'ஈ 407' என்றால் கராஜீனன். இரண்டும் கடல் தாவரம். 'ஜெலட்டின்' அல்லது 'ஈ 441' என்று இருந்தால் விலங்கு. மாஷ்மெலோவிலும், பல யோகட்டுகளிலும், புடிங் மேலே போடும் ஜெலித் துண்டுகளிலும் இது இருக்கும்.

இன்னொரு ஆட்சேபமும் வரும். "மாட்டிறைச்சி நமக்கு ஹலால். அடுத்தவருக்காக நாம் ஏன் மாற வேண்டும்?" நமது வீட்டு மேசையில் எதை வைப்பது என்பதை இங்கே யாரும் கேட்கவில்லை. ஹலால் ஜெலட்டினில் செய்த ரோஜாப்பூவை நாம் சாப்பிடுவதில் எந்தக் குறையும் இல்லை. வெளியே போகும் தட்டைப் பற்றித்தான் பேச்சு. கடற்பாசி கிடைக்கவில்லையென்றால் ஜெலியை எடுத்துவிட்டு வாழைப்பழம் வையுங்கள். அனுப்பத்தான் வேண்டுமென்றால், "இதில் மாட்டு ஜெலட்டின் இருக்கு அக்கா" என்று சொல்லி அனுப்புங்கள். அதைச் சொல்ல நாக்கு கூசுகிறதென்றால், ஏன் கூசுகிறது என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதும்.

காத்தான்குடிக்குப் பக்கத்தில் ஆரையம்பதி, ஏறாவூருக்குப் பக்கத்தில் செங்கலடி, சம்மாந்துறைக்குப் பக்கத்தில் காரைதீவு, அக்கரைப்பற்றுக்குப் பக்கத்தில் ஆலையடிவேம்பு. நமது கிழக்கு இப்படித்தான் அமைந்திருக்கிறது. யுத்த காலத்திலும், 2019 ஏப்ரலுக்குப் பிறகும், அயல் உறவு எவ்வளவு சீக்கிரம் அறுந்துபோகும் என்று பார்த்தவர்கள் நாம். இரண்டு பக்கமும் பல வீடுகளில் இன்னும் மிஞ்சியிருப்பது இந்தப் பெருநாள் தட்டும் பொங்கல் தட்டும்தான். ஒரு நாள் யாரோ ஒருவர், "இவர்கள் இத்தனை வருடம் நமக்கு மாட்டைச் சாப்பிடக் கொடுத்திருக்கிறார்கள்" என்று முகநூலில் எழுதினால், அந்த வீட்டுக்காரர் மனதில் என்ன வரும்? நாம் நல்லெண்ணத்தோடுதான் கொடுத்தோம் என்று அப்போது விளக்குவது கஷ்டம். இப்போதே கடற்பாசிக்கு மாறுவது சுலபம்.

ஓடர் எடுக்கும் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். எதில் செய்தது என்று பெட்டியில் ஒரு வரி எழுதி ஒட்டுங்கள். 'கடற்பாசியில் செய்தது, மச்சம் இல்லை' என்று எழுதினால் தமிழ், சிங்கள வீடுகளிலிருந்தும் ஓடர் வர வழி திறக்கும். மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்கள் பிறந்தநாளுக்கு நம்பி வாங்கக்கூடிய இடம் உங்கள் அடுப்படியாக இருக்கட்டும்.

பாடசாலைகளுக்கும் இது பொருந்தும். ஒக்டோபர் 1 சிறுவர் தினம், 6 ஆசிரியர் தினம், வருட இறுதி வகுப்பு விருந்து. நமது பாடசாலைகளில் படிப்பிக்கும் தமிழ் டீச்சர்மார், சேர்மார் முன்னால் பிள்ளைகள் ஆசையாக ஜெலிக் கிண்ணத்தை நீட்டும்போது, அவர்கள் பிள்ளையின் முகத்துக்காக வாங்கிவிடுவார்கள். அந்தக் கிண்ணம் கடற்பாசியாக இருந்தால் பிள்ளைக்கும் சந்தோஷம், டீச்சருக்கும் நிம்மதி. பெற்றோர் குழுவில் ஒரு குரல் பதிவு போட்டாலே இது நடந்துவிடும்.

பெருநாளுக்குச் சாமான் பட்டியல் எழுதும் நேரம் இது. சீனி, முட்டை, கருப்பட்டி, ஏலக்காய் என்று எழுதும்போது கீழே 'கடற்பாசி இரண்டு பெக்கட்' என்றும் சேர்த்து எழுதிக்கொள்வோம்.

நமது நோன்புகளையும் நல்லமல்களையும் அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. அனைவருக்கும் முன்கூட்டிய பெருநாள் வாழ்த்துக்கள்.