பை நிறைந்தால் உயிர் போகும்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்திலேயே ஏதாவது ஒரு கேமை இன்ஸ்டால் செய்து பார்த்துவிடுகிறார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை. மவுஸ் கைக்குப் பழக இது நல்ல வழி. சீட்டுக்கட்டும் கார் ரேஸும் சலித்த பிறகு பலர் வந்து சேரும் இடம் ஆக்ஷன் ரோல் பிளேயிங் கேம் என்னும் வகை. ஒரு வீரனையோ வீராங்கனையையோ தேர்ந்தெடுக்க வேண்டும். அரக்கர்களை வெட்டி, அவர்கள் கீழே போடும் வாளையும் கவசத்தையும் எடுத்து அணிந்துகொண்டு, இன்னும் பெரிய அரக்கனைத் தேடிப் போக வேண்டும். இப்படிக் கீழே விழும் பொருட்களுக்கு லூட் என்று பெயர்.

இந்த வகையில் மிகவும் பெயர் பெற்றது டையாப்ளோ 2. இது 2000-ல் வந்தது. அடுத்த ஆண்டு லார்ட் ஆஃப் டிஸ்ட்ரக்ஷன் என்ற கூடுதல் பகுதி வந்தது. 2021-ல் படங்களை எல்லாம் புதுப்பித்து டையாப்ளோ 2 ரிசரக்டட் என்று மறுபடியும் வெளியிட்டார்கள். நான் பல வருடங்களாக விளையாடி வருவதால் இதை வைத்தே சொல்கிறேன்.

புதியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எந்த வாள் நல்ல வாள்? எதை எடுக்க வேண்டும்?" என்பதுதான். என் கருத்து நேர் எதிரானது. எதை எடுப்பது என்பதை விட, எதை எடுக்காமல் விடுவது என்பதைத்தான் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும். இந்த வகை கேம்களில் புதியவர்கள் சாவது பாதி அரக்கனால், பாதி ஆசையால்.

நான் இறந்த கதை

கேமை ஒருமுறை முடித்துவிட்ட தைரியத்தில் ஹார்ட்கோர் முறையில் ஒரு பார்பேரியனை உருவாக்கினேன். ஹார்ட்கோர் என்றால் ஒரே உயிர். செத்தால் செத்ததுதான், மறுபடி ஆட முடியாது. இரண்டாம் பகுதியில் ஃபார் ஒயாசிஸ் என்ற பாலைவனத்துக்கு வந்துவிட்டேன். அடித்தால் மின்பொறி கக்கும் வண்டுகள் திரியும் இடம் அது. ஒரு வண்டு செத்து, மஞ்சள் எழுத்தில் ஒரு கவசம் விழுந்தது. என் பையில் இடம் இல்லை. எதைக் கீழே போடலாம் என்று பார்க்கப் பையைத் திறந்தேன்.

அங்கேதான் தப்பு செய்தேன். பையைத் திறந்தால் திரையின் வலது பாதி மறைந்துவிடும். ஆட்டமோ நிற்காது. மறைந்த பக்கத்திலிருந்து இன்னும் நான்கைந்து வண்டுகள் வந்திருக்கின்றன. நான் கவசத்தின் விவரத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். பல வாரங்கள், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் ஒரு மணி நேரம் வளர்த்த வீரன் சில நொடிகளில் போய்விட்டான். அந்தக் கவசத்தை அணிய அவனுக்குப் போதுமான பலம் கூட இல்லை என்பது படித்து முடித்த பிறகுதான் தெரிந்தது.

40 கட்டக் கணக்கு

பையில் மொத்தம் 40 கட்டங்கள். அகலத்தில் 10, உயரத்தில் 4. ஒரு மோதிரம் 1 கட்டம் பிடிக்கும். மார்புக் கவசம் அகலம் 2, உயரம் 3 என 6 கட்டம். நீண்ட ஈட்டி 8 கட்டம். ஐந்து மார்புக் கவசங்களை வரிசையாக வைத்தால் 30 கட்டம் போய்விடும். மிச்சம் 10 கட்டம் இருக்கிறதே என்று நினைப்பீர்கள். ஆனால் அது ஒரே ஒரு வரிசை. 2 கட்டம் உயரமுள்ள தலைக்கவசம் அதில் நுழையாது.

எனவே ஒரு பொருளின் விலையை மட்டும் பார்க்காதீர்கள். ஒரு கட்டத்துக்கு எவ்வளவு பயன் என்று பாருங்கள். மோதிரம், கழுத்தணி, ரத்தினக் கல் ஆகியவற்றை யோசிக்காமல் எடுக்கலாம். மந்திரக்கோல் 2 கட்டம்தான், கடையில் நல்ல விலைக்குப் போகும். சாதாரண வெள்ளை எழுத்துக் கவசங்களை, அணிந்துகொள்ளத் தேவை இல்லை என்றால், விட்டுவிடுங்கள்.

இரண்டாம் பகுதியில் ஹொராட்ரிக் க்யூப் என்ற சிறு பெட்டி கிடைக்கும். பையில் அது பிடிக்கும் இடம் 4 கட்டம், உள்ளே இருப்பதோ 12 கட்டம். கட்டாயம் கூடவே வைத்திருங்கள். ஒரே வகை, ஒரே தரக் கற்கள் மூன்றை அதில் போட்டால் அடுத்த தரத்துக் கல் ஒன்றாக மாறும். இடமும் மிச்சம், தரமும் கூடும்.

ஊரில் உள்ள சேமிப்புப் பெட்டி முதலில் 24 கட்டமாக இருந்தது. 2001-ல் 48 ஆனது. ரிசரக்டட் வந்தபோது 100 ஆகி, எல்லா வீரர்களுக்கும் பொதுவான பெட்டிகளும் சேர்ந்தன. அப்படியும் என் நண்பர்கள் எல்லோரும் "இடம் போதவில்லை" என்றே சொல்கிறார்கள். ஹார்ட் டிஸ்க் வாங்கியவர்களுக்கு இது புரியும்.

நிறத்தைப் பார்த்து மயங்காதீர்கள்

வெள்ளை சாதாரணம், நீலம் மந்திர சக்தி உள்ளது, மஞ்சள் அரியது, பச்சை செட் வகை, பொன்னிறம் தனித்துவமானது. இதைக் கேட்டதும் மஞ்சள் எப்போதும் நீலத்தை விட உயர்ந்தது என்று புதியவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது சரியல்ல. மஞ்சள் பொருளில் நிறைய குணங்கள் இருக்கும், அவ்வளவுதான். அவை உங்கள் வீரனுக்குப் பயன்பட வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

நெருப்பு, பனி, மின்னல், விஷம் ஆகிய நான்கையும் தாங்கும் சக்திக்கு ரெசிஸ்டன்ஸ் என்று பெயர். சாதாரணமாக இதன் உச்ச வரம்பு 75 சதவீதம். முதல் சுற்றில் இதைப் பலர் கண்டுகொள்வதில்லை. லார்ட் ஆஃப் டிஸ்ட்ரக்ஷனிலும் ரிசரக்டடிலும், இரண்டாவது சுற்றான நைட்மேரில் நான்கிலும் 40 குறைத்துவிடுவார்கள். மூன்றாவதான ஹெல்லில் மொத்தம் 100 குறையும். அப்போது மின்னலைத் தாங்கும் ஒரு நீல மோதிரம், அழகான மஞ்சள் வாளை விட அதிகம் உதவும். நான் ஒரு பொருளை எடுத்ததும் முதலில் பார்ப்பது "இது என்னை உயிரோடு வைத்திருக்குமா?" என்பதைத்தான். "எவ்வளவு அடிக்கும்?" என்பது அடுத்த கேள்வி.

உயிர் பிழைக்க ஐந்து பழக்கங்கள்

1. இடுப்பு பெல்ட்டை முதலில் மாற்றுங்கள். பெல்ட் வகையைப் பொறுத்து 8, 12, 16 என்று மருந்துக் குப்பிகள் கூடும். 1, 2 கீகளில் சிவப்பு மருந்தும், 3-ல் நீலமும், 4-ல் ஊதாவும் வையுங்கள். எந்தக் கீயில் எது என்பதை அடிக்கடி மாற்றாதீர்கள். ஆபத்தில் கை தானாகப் போக வேண்டும்.

2. சிவப்பு மருந்து குடித்த உடனே உயிர் முழுவதும் ஏறாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறும். ஆகவே பாதி உயிர் இருக்கும்போதே குடியுங்கள். ஊதா உடனே வேலை செய்யும். அதை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

3. ஊருக்குத் திரும்பும் வாசலைத் திறக்கும் டவுன் போர்ட்டல் புத்தகம் 20 சுருள்களைக் கொள்ளும். அதை ஒரு ஃபங்ஷன் கீயில் பதிந்து வையுங்கள். பெரிய அரக்கனின் அறைக்குள் நுழையும் முன்பே ஊருக்குப் போய் மருந்து நிரப்பி வாருங்கள்.

4. ஆல்ட் கீயை அழுத்தினால் கீழே கிடக்கும் பொருட்களின் பெயர்கள் தெரியும். சண்டை முடிந்த பிறகே அதை அழுத்துங்கள். நடுச்சண்டையில் அழுத்தினால், அரக்கனைக் கிளிக் செய்வதாக நினைத்துப் பொருளைக் கிளிக் செய்வீர்கள். உங்கள் வீரன் வாளை ஓங்காமல் கூட்டத்துக்குள் நடந்து போவான்.

5. சாதாரண முறையில் செத்தால் ஊரில் மறுபடி எழுவீர்கள். ஆனால் அணிந்திருந்தவை எல்லாம் செத்த இடத்தில் உடலோடு கிடக்கும். பழைய வாளும் கவசமும் ஒன்று பெட்டியில் இருக்கட்டும். வெறும் கையோடு ஓடி இரண்டாவது முறையும் சாகாதீர்கள். போக முடியாத இடம் என்றால், சேவ் செய்து வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள். உடல் ஊரிலேயே உங்கள் பக்கத்தில் கிடக்கும்.

சேர்ப்பதில்தானே சுகம்?

"பொருள் சேர்க்கத்தானே இந்த கேமே? எடுக்காதே என்றால் எப்படி?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். முதல் சில லெவல்களில் நானும் கண்டதை எல்லாம் எடுத்து விற்பேன். அப்போது காசு இருக்காது, மருந்து வாங்க வேண்டும். ஆனால் மருந்துக்குக் காசு போதும் என்ற நிலை வந்ததும் அந்தப் பழக்கத்தை நிறுத்த வேண்டும். வீரன் கையில் வைத்திருக்கும் தங்கத்துக்கே ஒரு லெவலுக்கு 10,000 என்று வரம்பு உண்டு.

இந்தப் பிரச்னை கேம் தயாரிப்பவர்களுக்கும் தெரியும். 2009-ல் வந்த டார்ச்லைட்டில் உங்கள் வளர்ப்பு நாயின் முதுகில் பொருளை ஏற்றி ஊருக்கு அனுப்பினால், அது விற்றுவிட்டுக் காசோடு திரும்பி வரும். குறைந்த திறன் கொண்ட கம்ப்யூட்டருக்கு என்றே அதில் ஒரு நெட்புக் முறையும் உண்டு. புதியவர்கள் அதிலிருந்து தொடங்கலாம் என்பது என் சிபாரிசு. 2013-ல் வந்த பாத் ஆஃப் எக்ஸைலில், வேண்டாத பொருட்களின் பெயர்களைக் கண்ணிலேயே படாமல் மறைக்கும் வடிகட்டி இருக்கிறது.

குறுக்கு வழி வேண்டாம்

என் அக்கா மகன் ஓர் அவசரக்காரன். "எல்லாப் பொருளும் இலவசம்" என்று சொன்ன ஒரு சிறு புரோகிராமை எங்கிருந்தோ டவுன்லோட் செய்து இயக்கினான். பொருள் எதுவும் வரவில்லை, வைரஸ்தான் வந்தது. விண்டோசை மறுபடி இன்ஸ்டால் செய்தோம். அதில் அக்கா வைத்திருந்த குடும்பப் போட்டோக்கள் போயின. போட்டோக்களுக்கு வேறு காப்பி இல்லை. கேம் பொருளுக்காக யாருக்கும் பாஸ்வேர்டு கொடுக்காதீர்கள். முன்பின் தெரியாத இடத்திலிருந்து எந்த புரோகிராமையும் இயக்காதீர்கள்.

காசு கொடுத்துப் பொருள் வாங்குவதும் எனக்கு உடன்பாடில்லை. 2012-ல் வந்த டையாப்ளோ 3-ல் நிஜப் பணத்துக்கே பொருளை வாங்கி விற்கும் ஏலக் கடை இருந்தது. அரக்கனை வெல்லாமலே வாள் கிடைத்தால் அரக்கனை எதற்கு வெல்ல வேண்டும்? ஆட்டத்தின் அடிப்படையே கெடுகிறது என்று தயாரித்தவர்களே ஒப்புக்கொண்டு, 2014 மார்ச்சில் அந்தக் கடையை மூடினார்கள்.

நான் அந்த பார்பேரியனை இழந்த பிறகு ஒரு விதி வைத்துக்கொண்டேன். திரையில் ஓர் அரக்கன் நின்றாலும் பையைத் திறப்பதில்லை. பைக்குள் இடம் இல்லை என்றால் எவ்வளவு பளபளப்பான பொருளாக இருந்தாலும், முதலில் சண்டை, பிறகுதான் பொருள். அது ஓடிப் போகாது. நீங்கள் ஆட்டத்தை விட்டு வெளியேறும் வரை பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். நீங்கள் உயிரோடு இருந்தால் எடுக்கலாம்.

இன்று இரவு விளையாட உட்காரும்போது, பையில் ஒரு வாரமாக உபயோகிக்காமல் வைத்திருக்கும் பொருளை எல்லாம் விற்றுவிட்டுக் கிளம்பிப் பாருங்கள். கூடுதலாக ஒரு மணி நேரம் உயிரோடு இருப்பீர்கள்.