கவர்மென்ட்டு தின்ற இடது கால்



இந்தப் பக்கத்துக்கு வேறொன்று எழுதி வைத்திருந்தேன். பாலாறு, தோல் கழிவு, உச்ச நீதிமன்றம் என்று கனமான விஷயம். இதழ் அச்சுக்குப் போவதற்குச் சில நாள் முன்பு, ஒரு காலையில் ஊரிலிருந்து அம்மாவின் போன். நலம் விசாரிப்பெல்லாம் இல்லை. எடுத்ததுமே, "இன்னா பண்றது சொல்லு. கவர்மென்ட்டு ஒரு காலைத் துன்னுட்டுது" என்றாள். பக்கத்து மேஜையில் இருந்த உதவி ஆசிரியர் காதில் இது விழுந்து, மனுஷன் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

கவர்மென்ட்டு என்பது ஆடு. 2011 செப்டம்பரில் விலையில்லா ஆடு, கறவை மாடு வழங்கும் திட்டம் தொடங்கியது நினைவிருக்கும். நிலமில்லாத குடும்பத்துக்கு நான்கு ஆடுகள். எங்கள் ஊருக்கு முறை வந்தபோது அம்மாவுக்கும் கிடைத்தது. இரண்டு ஆடுகள் முதல் மழைக்காலத்தைத் தாண்டவில்லை. ஒன்று பைபாஸ் ரோட்டில் லாரிக்குப் போயிற்று. மிஞ்சிய ஒன்றின் வம்சம்தான் இன்றைக்கும் கொட்டகையில் நிற்கிறது. அந்த வம்சத்தில் யாருக்கும் தனிப்பெயர் கிடையாது, எல்லாமே கவர்மென்ட்டு. "கவர்மென்ட்டுக்கு ரெண்டு நாளா வயித்தால போவுது" என்று அம்மா தெருவில் நின்று சத்தமாகச் சொல்லும்போது, வெளியூர்க்காரர்கள் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

தின்னப்பட்ட கால், ஷூவின் கால். ஆம்பூருக்கும் மாதனூருக்கும் நடுவில், ஐந்து சென்ட் இடத்தில் எங்கள் வீடு. ஒரு கிணறு, ஒரு முருங்கை, ஒரு பசு, எண்ணிக்கைக்கு நிற்காத கோழிகள். தம்பி மனைவி விடிந்ததும் ஷூ கம்பெனி பஸ் ஏறிவிடுவாள். அம்மாவுக்குக் கம்பெனி வயது தாண்டிவிட்டது. அதனால் கம்பெனி வேலை வீடு தேடி வருகிறது. ஏஜென்ட் வண்டியில் அப்பர் கட்டுகளைக் கொண்டுவந்து போடுவார். அப்பர் என்றால் ஷூவின் மேல்பகுதி, அடிப்பாகம் ஒட்டுவதற்கு முன்னால் இருக்கிற நிலை. சில மாடல்களில் முன்பக்கச் சுருக்கத்தை மெஷினால் தைக்க முடியாது. ஏற்கெனவே குத்தியிருக்கிற துளைகளில் ஊசியை விட்டு, மெழுகு ஏறிய தடித்த நூலைக் கையால் இழுத்து இறுக்க வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ திண்ணைகளில் இந்த வேலை நடக்கிறது. ஜோடிக்குச் சில ரூபாய். நூல் இழுத்து இழுத்து அம்மாவின் ஆள்காட்டி விரலில் வாய்க்கால் மாதிரி ஒரு கோடு விழுந்திருக்கிறது.

அந்த ஷூ ஐரோப்பாக் கடையில் என்ன விலைக்குப் போகிறது என்று ஒருமுறை நான் வாயை விட்டுவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அன்று முழுக்க அம்மா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில், "அப்போ அது மழையில நனையாதா?" என்று மட்டும் கேட்டாள்.

விஷயத்துக்கு வருகிறேன். கயிற்றை அறுத்துக்கொண்ட கவர்மென்ட்டு, தைத்து முடித்து வைத்திருந்த ஒரு ஜோடியில் இடது காலின் முன்பாதியை நூலோடு சேர்த்து மென்றுவிட்டது. ஆடாதோடை ஒன்றைத் தவிர எதையும் விடாத ஜாதி அது. சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தவர் பக்கத்து வீட்டு பாய். வாலிபத்திலிருந்து தோல் மண்டியில் காலம் கழித்தவர். மிச்சத் துண்டை வெளிச்சத்தில் பிடித்து, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "ஆட்டுத் தோலுதாம்மா இது. சொந்தக்காரனையே துன்னுருக்குது" என்றாராம்.

இதில்தான் அம்மா மாட்டிக்கொண்டாள். போன பக்ரீத்துக்குக் கவர்மென்ட்டின் கிடாக்குட்டியை பாய் மூலமாகத்தான் விற்றோம். குர்பானி ஆட்டின் தோல் மதரஸாவுக்குப் போகும். அங்கிருந்து மண்டி, மண்டியிலிருந்து தோல் பதனிடும் ஷாப்பு, அங்கிருந்து ஷூ கம்பெனி, கம்பெனியிலிருந்து கட்டாகக் கட்டப்பட்டு எங்கள் திண்ணை. "அது நம்ம குட்டியா இருக்குமோ?" என்று அம்மா என்னைக் கேட்டாள். எத்தனையோ ஊர்த் தோல் வந்து இறங்குகிற இடம், அப்படியெல்லாம் இருக்காது என்று சமாதானம் சொன்னேன். இருக்காது என்று எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?

தோல் எங்கள் திண்ணைக்கு மட்டுமல்ல, கிணற்றுக்கும் வந்தது. அறுத்த தோல் கெடாமல் இருக்க அதன்மேல் கை கையாக உப்பை வாரிப் பூசுவார்கள். பதனிடும் முன் ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பில் பெரும்பகுதி தண்ணீரில் இறங்கும். ஆவாரம் பட்டையில் பதனிட்ட காலத்திலும் இந்த உப்பு உண்டு. 1970களில் தொடங்கி முழுதாக முடித்த தோலாகவே ஏற்றுமதி செய்ய வேண்டும் என்றாகி, குரோமியம் பெருகியபோது அதுவும் சேர்ந்துகொண்டது. அந்தக் கழிவுநீர் மண்ணில் இறங்கி, எங்கள் கிணற்றில் முதலில் சோப்பு நுரைக்காமல் போனது. பிறகு பருப்பு வேகவில்லை. ஒருநாள் பசு தொட்டியில் மூக்கை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பாட்டி அன்றைக்கே குடத்தை எடுத்துக்கொண்டு வேறு தண்ணீர் தேடிப் போனாள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசு செய்தவரே ஈடு தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி. கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ கெட்டுப்போனது அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. எங்கள் வீட்டில் தீர்ப்பு அதற்குப் பல வருஷம் முன்பே வந்துவிட்டது, வழங்கியது பசு. ஈடு, பொறுப்பு என்று 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் பாலாற்றுக்காக மறுபடி பேச வேண்டியிருந்தது. நடுவில் 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டபோது எங்கள் கிணறு வாய்வரை நிரம்பியது. அப்போது இருந்த பசு சில மாதம் மறுக்காமல் குடித்தது. பிறகு பழையபடி திருப்பிக்கொண்டது. முதலில் எழுதிய அந்தக் கனமான பக்கம் கட்டுரையாக உள்ளே இருக்கிறது, படியுங்கள். பசுவைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன்.

ஆட்டுக்கு வருவோம். தோலைவிட நூல்தான் பயம், குடலில் சுற்றிக்கொள்ளும் என்றார் கால்நடை மருத்துவர். மூன்று நாள் புழுக்கையைப் பார்க்கச் சொன்னார். அம்மா மூன்று நாளும் குச்சியால் கிளறிப் பார்த்து எனக்குப் போனில் அறிக்கை கொடுத்தாள். எங்கள் இதழின் எந்த நிருபரும் இவ்வளவு நேரம் தவறாமல் செய்தி கொடுத்ததில்லை. மூன்றாம் நாள் மாலை நூல் வெளியே வந்துவிட்டது.

உங்கள் வீட்டு ஆடு, மாடு, கோழி, நாய் செய்த நாசத்தையும் எழுதி அனுப்புங்கள். உண்மையில் நடந்ததை மட்டும் எழுதுங்கள்; ஒரு பக்கம் போதும்.

ஏஜென்ட் அந்த ஜோடிக்குக் கூலி தரவில்லை. தோலுக்கும் பிடித்துக்கொண்டார். தனியாக மிஞ்சிய வலது காலைத் திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை. அம்மா அதைப் பிரித்து, வெட்டி, ஆள்காட்டி விரலுக்கு ஓர் உறை தைத்துக்கொண்டாள். இப்போது நூல் இழுத்தால் விரல் அறுபடுவதில்லையாம். "கவர்மென்ட்டு கிட்ட வந்து அதையும் மோந்து பாத்துச்சி," என்றாள் போனில், "நான் கையை மேல தூக்கிக்கினேன்."

அன்புடன்,
ஆசிரியர்