உரமூட்டை மண்ணாகாது

"மேல்மண் கொஞ்சம் போனால் என்ன, கூட ஒரு மூட்டை போட்டால் விளைந்துவிடும்." தருமபுரி, கிருஷ்ணகிரி மானாவாரிக் காடுகளிலிருந்து நீலகிரிச் சரிவுகள் வரை இந்தப் பேச்சுதான். உரக்கடையில் மட்டுமல்ல, படித்தவர்களும் சொல்கிறார்கள். இது தவறு. இதை நம்புகிறவர் வட்டி என்று நினைத்து முதலைத் தின்றுகொண்டிருக்கிறார்.

மழைநீர் மண்ணை ஒரே சீராகச் சீவிக்கொண்டு போவதில்லை. களித்துகளையும் மட்கையும் பொறுக்கியெடுத்துப் போகிறது. ஈரத்தையும் சத்தையும் பிடித்துவைப்பவை அவைதாம். ஒரு பெருமழை ஓய்ந்ததும் உழுத செம்மண் காட்டில் நடந்து பாருங்கள். மேலே மணலும் பொடிக்கல்லும் கழுவிவிட்டதுபோல் கிடக்கும். ஓடையில் தண்ணீர் செக்கச் செவேலென்று போகும். அந்தக் காட்டில் யூரியாவைப் போட்டால் தழைச்சத்து சேரும். ஈரம் சேருமா? ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் போனாலே ஏறக்குறைய 13 டன் மண். கண்ணுக்குத் தெரியாது. முழங்கால் ஆழத்துக்குள் சரளை தட்டும் நிலத்தில் இப்படியே போய்க்கொண்டிருந்தால், பத்து நாள் மழை தள்ளினாலும் விழுது இறங்கும் பருவத்தில் நிலக்கடலை வாடிவிடுகிறது. பழியை வானத்தின்மேல் போடுகிறோம்.

நீலகிரியில் மண்ணும் ஆழம், மழையும் அதிகம். விளைச்சல் சட்டென்று விழுவதில்லை. ஏமாறுவது அங்கேதான். தண்ணீர் நின்றால் கிழங்கு அழுகிவிடும் என்று உருளைக்கிழங்குக்கு மேலிருந்து கீழாகவே பார் பிடிக்கிறார்கள். பயம் நியாயமானது, வழி தவறு. உள்பக்கம் சாய்ந்த படிமட்டங்கள் அமைத்தால் தண்ணீரும் வடியும், மண்ணும் தங்கும். 1954 முதல் மண் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் இயங்கும் உதகையைச் சுற்றியே இந்த நிலை. உரத்தைக் கூட்டிக்கூட்டி மகசூலைத் தாங்கிப் பிடிக்கிறார்கள். அந்த உரத்திலும் ஒரு பங்கு மண்ணோடு அணைக்குப் போகிறது.

உரமே போதுமென்றால் ஏரி வண்டலை ஏன் டிராக்டர் வாடகை கொடுத்து ஏற்றிவந்து கொட்டுகிறோம்? அது மேல்காடுகளிலிருந்து அடித்துவரப்பட்ட மண்தானே.

மண்ணைத் தடுக்கச் சரிவுக்குக் குறுக்கே உழ வேண்டும், வரப்பும் போட வேண்டும். உழ அதிகச் செலவில்லை. வரப்புக்குத்தான் ஆகும். ஒன்றரை ஏக்கர்க்காரர் அதற்காக நாலு சால் நிலத்தையும் விட்டுக்கொடுக்க வேண்டும். உரத்துக்கு ஆண்டுதோறும் மானியம் ஒதுக்கும் அரசு, வரப்புக்கும் அந்த நாலு சாலுக்கும் சேர்த்து ஒதுக்க வேண்டும். அதைச் செய்யாமல் அவருக்கு அறிவுரை மட்டும் சொல்வது அநியாயம்.