கேமராவுக்கும் ஒரு வெள்ளெழுத்துக் கண்ணாடி

டிஸ்கி: நான் போட்டோகிராபர் அல்ல. பி.காம். படித்துவிட்டு மஸ்கட்டில் வங்கி வேலை பார்க்கும் வெள்ளறடைக்காரன். கண்முன்னால் காசு வீணானால் சும்மா இருக்க முடியாது, அவ்வளவுதான்.

ஊருக்குப் போகும் சீசன் வந்தால் ரூவியில் எந்த வீட்டிலும் இதே பேச்சு. "மாப்ளே, பிள்ளைகளோட போறோம், நல்ல கேமரா ஒண்ணு எடுக்கணும்." ஒரு மாதச் சம்பளம் போய்விடும். கூடவே ரெண்டு லென்ஸ், ஒரு பை. ஊரில் போய் நாலு படம் எடுத்ததும் "கனமா இருக்கு" என்று பை அலமாரிக்குள் போய்விடும்.

நான் சொல்கிறேன்: வேண்டாம் மக்களே. வீட்டில் கிடக்கும் பழைய சின்ன கேமராவுக்கு ஒரு கண்ணாடி வாங்கி மாட்டுங்கள்.

2004-ல் என்னிடம் இருந்தது கேனான் ஏ80. 4 மெகாபிக்சல், 3 மடங்கு ஜூம். லென்ஸைக் கழற்ற முடியாது. ஆனால் முன்வளையத்தை எடுத்துவிட்டு ஒரு குழாயை மாட்டினால் 52 மி.மீ. திருகு கிடைக்கும். அதில் மூன்று வகைக் கண்ணாடி போடலாம்.

ஒன்று, டெலி. தூரத்தை இழுக்கும், கை நடுக்கத்தையும் சேர்த்தே இழுக்கும். மலிவானது வாங்கினால் ஓரமெல்லாம் மங்கல். இரண்டு, வைட். சின்னத் திண்ணையில் மொத்தக் குடும்பத்தையும் அடக்க உதவும், ஆனால் விலை அதிகம். மூன்று, குளோஸ்-அப். என் கட்சி இதுதான்.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. நாற்பது தாண்டியதும் நாம் போடும் வெள்ளெழுத்துக் கண்ணாடியேதான். 100-ஐ பவரால் வகுத்தால் சென்டிமீட்டரில் தூரம் கிடைக்கும். +4 என்றால் 25 செ.மீ., +10 என்றால் 10 செ.மீ. ஏ80-ல் ஜூமை முழுதாக இழுத்து +4 போட்டால் சுமார் 8 செ.மீ. அகலமுள்ள பொருள் படம் முழுக்க நிற்கும்.

"கேமராவிலேயே மேக்ரோ இருக்கே?" என்பீர்கள். இருக்கிறது. ஆனால் பொருளுக்குப் பக்கத்தில் மூக்கை வைக்க வேண்டும். கேமரா நிழல் விழும், நேர்கோடு வளையும். "செல்போன் போதாதா?" நல்ல போன் என்றால் போதும். ஆனால் பெயருக்கு 2 மெகாபிக்சல் மேக்ரோ வைத்து விற்ற போன்களும் உண்டு, வாங்கியவர்களுக்குத் தெரியும்.

குறை இல்லையா? உண்டு. ஒற்றைக் கண்ணாடியில் ஓரத்தில் நிறம் பிரியும். இரண்டு கண்ணாடி சேர்த்துச் செய்தது நல்லது, விலை கூடும். குழாய் மாட்டினால் பிளாஷை மறைக்கும், ஜன்னல் வெளிச்சத்தில்தான் எடுக்க வேண்டும்.

சரி, இதைக் கொண்டு ஊரில் எதை எடுப்பது? அங்கேதான் என் சண்டையே.

நாம் டெலி மாட்டிக்கொண்டு அகத்தியர்கூடத்தை எடுக்கிறோம். 1,868 மீட்டர் மலை, அடுத்த லீவுக்கும் அங்கேதான் நிற்கும். எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு குரூப் போட்டோ தொங்கியது. 1956 நவம்பர் 1-க்கு முன்னால் எடுத்தது. அன்றைக்கு விளவங்கோடு தாலுகா மெட்ராஸ் மாநிலத்தோடு போனது, எங்கள் நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. படத்தில் சேர்ந்து நின்ற குடும்பம் ரெண்டு மாநிலமானது. அதில் பாட்டி சின்னப் பெண், முகம் மொச்சைக்கொட்டை அளவு. அவளுக்கு அந்த வயசில் வேறு படமே கிடையாது.

2004-ல் அதை ஜன்னலோரம் வைத்து ஒவ்வொரு முகமாக எடுத்தேன். "இருக்கிற படத்தை எதுக்குடே திரும்ப எடுக்கே?" என்று அம்மை சிரித்தாள். அடுத்த லீவுக்குப் போனபோது மழை ஈரத்தில் படம் பிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்தபோது பாட்டி முகம் கண்ணாடியோடு வந்துவிட்டது.

இன்றைக்கு அம்மை கட்டில் பக்கத்தில் இருப்பது என் 4 மெகாபிக்சல் நகல்தான். ஏழு அங்குல பிரிண்ட், நன்றாகவே இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் ஒரு படம் தொங்கும். தாத்தா கையெழுத்துப் போட்ட பத்திரம் டிரங்குப் பெட்டியில் கிடக்கும். இந்த மழைக்கு முன்னால் எடுத்துவிடுங்கள். பெரிய கேமராவை அப்புறம் வாங்கலாம்.

பி.கு.: உங்கள் கேமராவில் திருகு இல்லையா? கண்ணாடியை லென்ஸ் முன்னால் விரலால் பிடித்தாலே வேலை நடக்கும். அவசரத்துக்கு அப்பாவின் வெள்ளெழுத்துக் கண்ணாடியும் உதவும்.